கல்லைத் தூக்கிய கைகள்

போன கார்த்திகை மாதம். தளி ரோட்டில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு எதிரில் நடந்தது. காலை நேரம். பனி இன்னும் விலகவில்லை.

என்னிடம் ஒரு பழைய லாரி இருக்கிறது. மிலிட்டரி ஏலத்தில் போய், பல கை மாறி என்னிடம் வந்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். அஞ்செட்டி தாண்டி மலை மேல் இருக்கிற காடுகளில் தக்காளியும் கோஸும் விளைகிறது. மழை பெய்துவிட்டால் அங்கே டிராக்டரே வழுக்கும். இந்த வண்டி ஏறும். எங்கள் சோறு அதில்தான்.

முந்தின நாள் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஒரு சத்தம். உர்ர் என்று. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். பின் அச்சுக்கு நடுவில் குடம் போல உருண்டையாக இருக்குமே, அதை ஹவுசிங் என்போம். அது எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. உள்ளே எண்ணெய் குறைந்து பல்லோடு பல் உரசுகிறது என்று தெரிந்தது. அப்படியே ஓட்டினால் பல் போய்விடும். மெல்ல உருட்டிக்கொண்டு வந்து வீட்டெதிரில் நிறுத்தினேன். காலையில் எண்ணெய் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

நிறுத்திய இடம் சரிவு. வண்டியின் மூக்கு கீழே பார்த்திருக்கும். இடது பக்கம் ஒரு வாய்க்கால், ஆள் உட்காரும் ஆழம். வண்டி எப்போதும் அங்கேதான் நிற்கும். ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிவிட்டால் அசையாது. லோடோடு நிறுத்தினாலும் அசையாது. அந்தப் பிரேக்கைச் சந்தேகப்பட எனக்கு அதுவரை ஒரு காரணமும் கிடைத்ததில்லை.

எண்ணெய் மாற்ற நான் யாரையும் கூப்பிடுவதில்லை. மூன்று இடம்தான். முன் ஹவுசிங், பின் ஹவுசிங், நடுவில் டிரான்ஸ்பர் கேஸ். டிரான்ஸ்பர் என்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பெட்டி. இன்ஜினின் இழுவையைப் பின் அச்சுக்கு மட்டும் கொடுக்கவும், முன் பின் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கவும் அதுதான். அதற்கென்று தனியாக ஒரு குட்டி லிவர் உண்டு. லிவரை நடுவில் போட்டுவிட்டால் இன்ஜின் ஓடும், கியர் சுற்றும், வண்டி நகராது.

நான் அவசரக்காரன் இல்லை. எண்ணெய் ஊற்றும் மேல் நட்டு கழன்று வந்தால்தான் கீழ் நட்டைத் தொடுவேன். மேல் நட்டு துருப்பிடித்து வராமல் போனால், எண்ணெயை வடித்துவிட்டு வெறும் ஹவுசிங்கோடு நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட கல் இரண்டை முன் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தேன். கட்டிப் பிடித்துத் தூக்கவேண்டிய கனம். பின் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அந்தப் பக்கம் தூக்கினால் வாய்க்காலிலிருந்து நான் உள்ளே நுழையத் தாராளமாக இடம் கிடைக்கும்.

டிரான்ஸ்பர் எண்ணெய் குளிரில் கெட்டிப்பட்டிருக்கும். சூடு ஏறினால்தான் முழுக்க வடியும். வண்டியை ஓட்டிச் சூடாக்க வழியில்லை. அதனால் குட்டி லிவரை நடுவில் போட்டு, கியர் விழவைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடலாம் என்று நினைத்தேன். அது முடிவதற்குள் நான் பின் ஹவுசிங்கை வடித்துவிடலாம். ஒரே தொல்லை, மிதிக்காமல் விட்டால் என் இன்ஜின் அணைந்துவிடும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே இருக்கவேண்டும். வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

"மேல ஏறி ஒக்காரு. ஆக்சிலேட்டர மட்டும் லேசா மிதிச்சிக்கினு இரு. வேற எதையும் தொடாத."

"எதுக்கு இப்ப?"

"எண்ணெய் சூடாவணும்."

"இந்த வீட்ல மனுசங்களுக்கே ஒரு போர்வ பத்தல. எண்ணெய்க்கு குளுருதா?"

அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை செய்தவள். அந்தப் பேச்சு இல்லாமல் அவளுக்கு எதுவும் தொடங்காது. சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க கம்பெனில ஒரு மெசின தொறக்கணும்னா மெயின ஆப் பண்ணி பூட்டு போட்டு, செவப்பு அட்டை ஒண்ணு தொங்க உடுவாங்க. ஆள் வேலை செய்கிறார்னு எழுதி இருக்கும். நீங்க என்னாத்த தொங்க உட்டிருக்கீங்க?"

"என் கால ரெண்டையும் வாய்க்கால்ல தொங்க உட்டிருக்கறன். போதும். மிதி."

சிரித்தாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

நான் வாய்க்காலில் இறங்கி, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நுழைந்தேன். தலை ஹவுசிங்குக்குக் கீழே. இடுப்பு, தூக்கி வைத்திருந்த பின் சக்கரத்துக்கு முன்னால். கால் வாய்க்காலில். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் நான் படமாட்டேன். எனக்கு வலது பக்கம் தலையைத் திருப்பினால் முன் சக்கரம் இரண்டும், அவற்றின் கல் இரண்டும் தெரியும்.

மேல் நட்டு வந்தது. கீழ் நட்டைக் கழற்றினேன். எண்ணெய் கரேலென்று, கம்பி போல இறங்கியது. வெட்டி வைத்திருந்த கேனைச் சரியாகப் பிடித்தேன். வெளிச்சம் பட்ட இடத்தில் எண்ணெய் மினுமினுத்தது. இரும்புத் தூள். பல் கொஞ்சம் போயிருக்கிறது, ஆனால் பெரிய துண்டு எதுவும் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முன்னால் இரண்டு பாதம் தெரிந்தது.

ரப்பர் செருப்பு. பனியில் நனைந்து, புல் ஒட்டியிருந்தது. மடித்துக் கட்டிய வேட்டியின் ஓரம். வலது முன் சக்கரத்துக்கு எதிரே வந்து நின்றது. யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு இரண்டு கை கீழே வந்தது. கல்லைக் கட்டிப் பிடித்தது. கல் மேலே போய்விட்டது.

எனக்குப் புரியவில்லை. கல்லை எதற்கு ஒரு ஆள் எடுக்கவேண்டும்?

"யாரப்பா அது! ஏய்!"

இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாயைத் திறந்ததில் எண்ணெய்ச் சொட்டு உள்ளே விழுந்தது. துப்பினேன். வண்டி அசையவில்லை. ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று மனம் சொன்னது. கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை.

பாதங்கள் முன்னால் தள்ளி வாய்க்கால் ஓரம் போய் வந்தன. இப்போது இடது சக்கரத்துக்கு எதிரே வந்து நின்றன. மறுபடியும் அந்தக் கைகள். இரண்டாவது கல்லும் மேலே போனது.

வண்டி நகர்ந்தது.

ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி. என் கையால் போட்டது. அது நகர்ந்தது. அதைவிட இன்னொன்றைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்தரத்தில் இருந்த பின் சக்கரம், என் இடுப்புக்குப் பக்கத்தில், தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அதுவும் பின்பக்கமாக. வண்டி முன்னால் போகிறது, சக்கரம் பின்னால் சுற்றுகிறது. யாரோ கையால் சுற்றுகிற மாதிரி, மெதுவாக, சத்தமே இல்லாமல். நான் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உருளவேண்டும், இழுத்துக்கொள்ளவேண்டும் என்று எதுவும் தோன்றவில்லை. உடம்பு என்னுடையதாகவே இல்லை.

ஜாக்கி சாய்ந்தது. ஒரு சத்தம். சக்கரம் கீழே விழுந்தது. இடுப்பில் ஏதோ வெடுக்கென்று இழுத்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. இன்ஜினும் அணைந்தது.

அதன் பிறகு வந்த அமைதியைப் போல நான் கேட்டதில்லை. எண்ணெய் கேனுக்கு வெளியே மண்ணில் சொட்டியது. அது மட்டும் கேட்டது.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. கத்தவில்லை. மெல்லக் கேட்டாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கறன்."

"உசுரோடவா?"

"பேசறன் இல்ல. கால எடுக்காத. பிரேக்க உட்றாத."

"உடல. நீங்க வெளிய வாங்க."

"வர்றன்."

என்ன நடந்தது என்று அவள் பிறகு சொன்னாள். ஒரு ஆள் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். பானெட் உயரமானதால் குனிந்ததும் ஆள் மறைந்துபோனார். கல்லோடு நிமிர்ந்ததும்தான் இவளுக்குத் தெரிந்தது. கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. இவளைப் பார்த்துத் தலையாட்டி, கிளம்பலாம் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு அடுத்த கல்லுக்குக் குனிந்தார். வண்டி நகர்ந்ததும் இவள் கால் பிரேக்கில் விழுந்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மலை இறங்கும்போதெல்லாம் வெறும் தரையை ஓங்கி மிதிப்பாள். அங்கே என்ன பிரேக்கா இருக்கிறது என்று நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அந்தக் கால்தான் அன்றைக்கு மிதித்தது.

நான் வெளியே வரப் பார்த்தேன். முடியவில்லை. சக்கரம் என் லுங்கியின் மேல் ஏறி நின்றிருந்தது. இடுப்புக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். டயரின் ரப்பர் வாசனை வந்தது. முடிச்சை அவிழ்த்தேன். லுங்கியை அங்கேயே விட்டுவிட்டு, டவுசரோடு வாய்க்காலில் வழுக்கி இறங்கினேன்.

அதற்குள் முன்னாலிருந்து ஒரு குரல்.

"கெளகெ ஆளு இதாரா?"

கீழே ஆள் இருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டது. என் பேச்சுச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. வாய்க்காலிலிருந்து தலையைத் தூக்கினேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு ஆள். தலையில் மப்ளர் கட்டியிருந்தார். இரண்டாவது கல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். எண்ணெய் பூசிய முகத்தோடு மண்ணுக்குள்ளிருந்து வருகிற என்னைப் பார்த்தார். வாய் திறந்தது.

"அண்ணே, அந்தக் கல்ல எடுத்த எடத்துலயே வைங்க," என்றேன்.

அவரால் குனிந்து வைக்க முடியவில்லை. மண்டியிட்டு, கல்லைத் தரையில் உருட்டி, டயரோடு ஒட்டித் தள்ளினார். ஓடிப்போய் வாய்க்கால் ஓரம் போட்ட மற்ற கல்லையும் கொண்டுவந்தார். அதையும் வைத்தார். வைத்த பிறகும் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நான் கேபினில் ஏறினேன். ஹேண்ட் பிரேக் மேலே தூக்கியபடியே இருந்தது. முழுக்க. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. பிரேக் போட்டிருக்கிறது, வண்டி போயிருக்கிறது.

வீட்டுக்காரியின் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுக்க வரவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. நான் கையால் பிடித்து மெல்லத் தூக்கி வைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். லுங்கி எங்கே என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

அப்புறம் இறங்கினாள். அந்த ஆளிடம் நேராகப் போனாள்.

"கண்ணு தெரியல உனுக்கு? ஒரு மனுசன் அடியில படுத்துக்கினு இருக்கறாரு. உங்கூட்டு கல்லா அது? யாரக் கேட்டு எடுத்த?"

"அக்கா... வண்டி ஸ்டார்ட்டு ஆயி இருந்துச்சு அக்கா. நீங்க கெளம்பறீங்கன்னு நெனச்சன்."

"கெளம்பனா எங்க கல்ல நாங்க எடுக்க மாட்டமா?"

"எடுக்க மாட்டாங்க அக்கா. லாரிக்காரங்க யாரும் எடுக்கறதில்ல. அப்பிடியே ரோட்டுல உட்டுட்டு போயிருவாங்க."

"உட்டுட்டுப் போனா உனுக்கென்னா?"

அவர் மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். சரிவின் கீழே கையைக் காட்டினார்.

"அங்க. வளைவு கிட்ட. இதே மாதிரி பனி. நானு ஓட்டினன். நம்ம வீட்டம்மா பின்னாடி ஒக்காந்திருந்தா. லாரி போயிருச்சு. கல்லு இருந்துச்சு. எனக்கு தெரியல." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு ஒண்ணும் ஆவல அக்கா. கை மட்டும் தான் தேஞ்சுது."

பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. அதிலிருந்து ரோட்டில் எங்கே கல் கிடந்தாலும் வண்டியை நிறுத்தி எடுத்து ஓரம் போட்டுவிட்டுத்தான் போவாராம். லாரி கிளம்புகிற மாதிரி தெரிந்தால் காத்திருந்து எடுப்பாராம். அதைச் சொல்லும்போது அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல.

வீட்டுக்காரி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரிடம்தான் முதலில் கொடுத்தாள்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். ஜாக்கி படுத்துக் கிடந்தது. சக்கரம் லுங்கியின் மேல் நின்றது. அந்தச் சக்கரம் பின்பக்கம் சுற்றியதை நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. என் வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பரிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. நாலு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது போதும். ஒன்றைத் தூக்கிவிட்டால் போதாது. தரையில் இருப்பது முன்னால் ஓடும், அந்தரத்தில் இருப்பது பின்னால் சுற்றும். நடுவில் தண்டு சும்மா நிற்கும். பிரேக்கும் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாத சாமான்கள் இல்லை. எத்தனையோ தடவை கழற்றி மாட்டியவை. ஆனாலும் இப்படி நடக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஜாக்கியை ஏற்றிய நிமிடத்திலிருந்து வண்டியைப் பிடித்திருந்தது அந்த இரண்டு கல்தான்.

பின் ஹவுசிங் காலியாக இருந்தது. கீழ் நட்டு மண்ணில் எங்கேயோ கிடந்தது. வண்டியின் பாதி ரோட்டில். கொஞ்ச நேரத்தில் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்துவிடும். எண்ணெய் இல்லாமல் வண்டியை நகர்த்தவும் முடியாது.

மறுபடியும் படுக்கவேண்டும்.

"வேணாங்க," என்றாள். "யாரையாச்சும் கூப்புடலாம்."

"கூப்புட்டா அவனும் அடியிலதான் படுக்கணும்."

அவள் சீட்டில் ஏறினாள். இன்ஜினைப் போடவில்லை. பிரேக்கை மட்டும் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை நான் ஜாக்கி போடவில்லை. குட்டி லிவரை முன்னால் தள்ளி நாலு சக்கரத்துக்கும் போட்டேன். கியரில் விட்டேன். ஹேண்ட் பிரேக்கைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்தேன். உள்ளே தலையைக் கொடுக்க முடியவில்லை. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் முதலிலும் நினைத்தேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கியது. சொசைட்டிக்குப் போகிற பால். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் முன்னால் வந்தார். வலது முன் சக்கரத்துக்கு எதிரே, கல்லுக்கு முன்னால், தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகைக் கல்லில் சாய்த்தார்.

"அண்ணே, எந்திரிங்க," என்றேன்.

"நீ போப்பா உள்ள."

"பால் கெட்டுடும்."

"கெடட்டும். உருண்டா மொதல்ல எம்மேல உருளட்டும். நீ வேலைய பாரு."

"அதெல்லாம் உருளாது."

"உருளாதுன்னா நானு ஒக்காந்தா உனக்கென்ன கஷ்டம்?"

நான் உள்ளே போனேன்.

நட்டைத் தேடி எடுத்துத் துடைத்தேன். முதலில் மரையில் சேரவில்லை. இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். சேர்ந்தது. மேல் ஓட்டையில் டியூபைச் செருகிப் பம்ப்பால் புது எண்ணெயை ஏற்றினேன். கெட்டியாக, மெதுவாக ஏறியது. கியர் எண்ணெய்க்கு அழுகின முட்டை நாற்றம் இருக்கும். மற்ற நாளில் குமட்டும். அன்றைக்கு அந்த நாற்றம்கூட ஆறுதலாக இருந்தது. மூக்கு வேலை செய்கிறது என்று.

மேலேயிருந்து அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கறன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"இருக்கீங்களா?"

"இருக்கறன்மே. பம்ப் அடிக்க உடு."

மூன்றாவது தடவை நான் வாயில் நட்டைக் கவ்விக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல முடியவில்லை. முன்னாலிருந்து அந்த ஆள் குனிந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "இதாரே அக்கா, இதாரே, கை ஆடுது," என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் அவரே பார்த்துச் சொன்னார்.

எண்ணெய் மேல் ஓட்டை வரை வந்து வழிந்தது. நட்டைப் போட்டு முறுக்கினேன். அப்படியே நகர்ந்து டிரான்ஸ்பருக்குப் போனேன். அது ஓரளவு சூடாகத்தான் இருந்தது, வடிந்தது. பிறகு முன் ஹவுசிங். அங்கே படுத்திருக்கும்போது அவர் முதுகு எனக்கு மிகப் பக்கத்தில் தெரிந்தது. சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது, அந்தக் குளிரில். ரோட்டில் போன ஒரு கம்பெனி பஸ் ஹார்ன் அடித்து, ஒதுங்கிப் போனது. அதிலிருந்து யாரோ, "பெருசு, வண்டிய நீதான் புடிச்சி நிறுத்தியிருக்கியா?" என்று கத்தினார்கள். பஸ்ஸில் சிரிப்புச் சத்தம். அவர் அசையவில்லை.

நான் முடித்து வெளியே வந்து, வாய்க்கால் மேட்டில் ஏறி நின்று, "ஆச்சு," என்றேன். அதன் பிறகுதான் அவர் எழுந்தார். கால் மரத்துப்போய்விட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தோளெல்லாம் எண்ணெய். அவர் கையை எடுக்கவில்லை.

டீ சாப்பிட்டுப் போங்கள் என்றாள் வீட்டுக்காரி. அவர் பால் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் பரவாயில்லை, ஓடினால் கொடுத்துவிடலாம் என்றார். மொபெட்டை எடுத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் இன்ஜினைப் போட்டு வண்டியை ஓரம் சேர்த்தேன். சத்தம் பாதி குறைந்திருந்தது. மிச்சம் பாதி இன்றைக்கும் இருக்கிறது. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது நான் கல் வைப்பதில்லை. இரண்டு மரக்கட்டையைச் சரிவாக அறுத்து, சங்கிலி போட்டு சேசிஸோடு பிணைத்திருக்கிறேன். ரோட்டில் தங்காது. வேறு யாரும் எடுத்துப் போகவும் முடியாது. தளி ரோட்டில் அந்த மொபெட் எதிரில் வந்தால் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொள்வோம். நிறுத்திப் பேசுவதில்லை. அவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அன்றைக்கு அந்த ரோட்டில் கெட்டது நினைத்தவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் ஒரு உயிர் போக இருந்தது. அந்த நினைப்பு இப்போதும் நான் வண்டிக்கு அடியில் முதுகைச் சாய்க்கும் ஒவ்வொரு தடவையும் மண்ணின் குளிர்ச்சியோடு சேர்ந்து மேலே ஏறுகிறது. ஏறினாலும் படுக்கத்தான் வேண்டியிருக்கிறது, மேலே ஒருத்தி "இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் தைரியத்தில் படுக்கிறேன்.